ஹைதர் அலியின் யுத்த வழி

வேலூரிலிருந்து மேற்கு நோக்கி ஆம்பூருக்குச் செல்லும் பெருஞ்சாலை பள்ளிகொண்டாவைத் தொட்டுக்கொண்டு போகிறது. பக்கத்தே பாலாறு, எட்டத்தில் மலைத்தொடர்கள், நடுவே ஒடுங்கிய சமவெளி. மைசூர் மேட்டுநிலத்துக்கும் சென்னப்பட்டணத்துக் கடற்கரைக்கும் இடையே இயற்கை திறந்துவைத்த வாயில்கள் சிலவே. அவற்றுள் இது ஒன்று. இன்று தோலும் பாதரட்சையும் ஏற்றிய லாரிகள் ஓடும் இவ்வழியில் 18-ஆம் நூற்றாண்டில் சேனைகள் ஓடின. 1749 ஆகஸ்டு மாதத்தில் ஆற்காட்டு நவாப் அன்வருத்தீன் போர்க்களத்தில் மாண்டது ஆம்பூருக்கு அருகேதான். அதற்குப் பதினெட்டு ஆண்டுகளுக்குப் பின் இதே பள்ளத்தாக்கில் பாசறை இறக்கி, பின்னும் பதின்மூன்று ஆண்டுகள் கழித்து இச்சீமைக்கு மறுபடியும் படையுடன் வந்து, முடிவில் இங்கிருந்து வெகு தூரமில்லாத சித்தூர்ப் பக்கத்திலே உயிர் நீத்தவர் ஹைதர் அலி. கிழக்கிந்தியக் கும்பெனியார் தென்னாட்டில் கண்ட எதிரிகள் பலர். அவர்கள் உள்ளபடியே அஞ்சிய எதிரிகளுள் முதலில் வைத்து எண்ணத்தக்கவர் இவரே.

ஹைதரைத் தேசபக்தராக்கி மாலை சூட்டுவது நமது நோக்கமன்று. பாரத தேசம் முழுவதையும் ஒன்றாக எண்ணி அவர் வாளெடுத்தார் என்பது சரித்திரத்துக்கு அடாத கூற்று. மராட்டியரோடு பொருதார், நிஜாமோடு சேர்ந்தார், பிரிந்தார், மறுபடி சேர்ந்தார், ஆங்கிலேயரின் நட்பையே பல ஆண்டுகள் விரும்பிக் காத்திருந்தார். தமக்கு உப்பிட்ட மைசூர் உடையார் குலத்தைப் பெயரளவில் சிங்காதனத்தில் இருத்திவிட்டு ஆட்சியைத் தம் கையில் வைத்துக்கொண்டார். இவற்றையெல்லாம் மறைத்துக்கொண்டு எழுதுவது நேயர்களுக்குச் செய்யும் துரோகம். ஆனால் எழுத்தறியாத ஒரு சேவகன், பணமும் துப்பாக்கியும் கப்பலும் படைத்த ஒரு வல்லரசை அதன் கோட்டை வாசலிலேயே கைகட்டி உடன்படிக்கை எழுத வைத்தான் என்றால், அது எப்படி நடந்தது என்பதை அறிந்துகொள்வது பொதுவாழ்வில் ஈடுபட்ட ஒவ்வொருவருக்கும் கடமையாகும்.

கோலார்ச் சீமையிலுள்ள பூதிகோட்டையில் 1720-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அவர் பிறந்தார். தந்தை பத்தே முகம்மது சீரா நவாபின் கீழ்ச் சேனையில் இருந்தவர்; மகன் சிறு பிள்ளையாயிருக்கும்போதே போரில் இறந்தார். தந்தையின் கடனுக்காக அப்பாஸ் குலி கான் என்ற பிரபு, ஹைதரையும் அவர் தமையனையும் ஒரு பெரிய முரசுக்குள் அடைத்து, வெளியே முரசை அடிப்பித்துத் தாயிடம் பணம் கறந்ததாகக் கர்னல் வில்க்ஸ் தாம் எழுதிய மைசூர்ச் சரித்திரத்தில் கூறுகிறார். வில்க்ஸ் பின்னாளில் மைசூரில் ரெசிடெண்டாக இருந்தவர்; ஹைதரிடம் பரிவு உடையவரல்லர். ஆகையால் அவர் கூறும் இத்தகைய செய்திகளை நாம் ஒதுக்கிவிட வேண்டியதில்லை. இந்த அப்பாஸ் குலி கானைப் பின்னர் ஓரிடத்தில் மீண்டும் சந்திப்போம்.

எழுதப் படிக்கத் தெரியாத ஹைதர் கன்னடம், தெலுங்கு, தமிழ், மராட்டி, ஹிந்துஸ்தானி ஆகிய பாஷைகளில் பேச வல்லவர். பல குமாஸ்தாக்களை ஒரே வேளையில் உட்காரவைத்து வெவ்வேறு காரியங்களைச் சொல்லி எழுதுவிப்பார். ஒருவர் எழுதியதை வேறொருவரைக் கொண்டு படிப்பித்துச் சரிபார்ப்பார். ஞாபக சக்தியே அவருடைய தஸ்தாவேஜு. கல்லூரிப் பட்டங்களைச் சுமந்து திரியும் நம் போன்றவர்கள் இதைப் படித்துச் சற்று நாணலாம்.

1749-இல் தேவனஹள்ளி முற்றுகையில் மைசூர் மந்திரி நஞ்சராஜரின் கண்ணில் பட்டார். 1755-இல் திண்டுக்கல் பௌஜுதாராக அனுப்பப்பட்டார். தமிழ்நாட்டுப் பாளையக்காரரை அடக்குவது வேலை. ஆனால் அவர் அங்கே செய்த பெரிய வேலை வேறு. பிரெஞ்சுக்காரரைத் தருவித்து ஆயுதசாலையும் பீரங்கிப் படையும் அமைத்தார். காயம்பட்ட சிப்பாய்களுக்கு அரண்மனை கொடுக்கும் தொகையைக் கூடுதலாகப் பெறுவதற்காக, உடம்பில் கீறலுமில்லாத ஆட்களுக்கெல்லாம் மஞ்சள் தோய்த்த துணியைச் சுற்றி உட்காரவைத்து, பார்வையிட வந்த அதிகாரியை ஏமாற்றினார் என்ற கதையும் உண்டு. சட்டம் படித்தவன் கண்ணுக்கு இது அப்பட்டமான மோசடி. எனினும் அந்தப் பணம் துப்பாக்கியாகவும் குதிரையாகவும் மாறியது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அவருடைய போர் முறையின் வித்து 1760-இல் வெளிப்படுகிறது. அவர் ஆதரவால் உயர்ந்த கந்தேராவ் என்பவர், அரச குடும்பத்தாரோடு சேர்ந்து, சீரங்கப்பட்டணத்தில் சிறு காவலுடன் இருந்த ஹைதரைத் திடீரென்று வளைத்துக்கொண்டார். மனைவி மக்களையும் பொக்கிஷத்தையும் விட்டுவிட்டு இரவோடிரவாகக் காவேரியைக் கடந்து பெங்களூருக்கு ஓடினார் ஹைதர். விட்டுச்சென்ற பிள்ளைகளுள் ஒருவர் திப்பு. படை திரட்டித் திரும்பி வந்து நஞ்சன்கூட்டருகே பொருதார், தோற்றார். மானமுள்ள க்ஷத்திரியன் என்று சொல்லிக்கொள்கிறவன் அங்கேயே செத்திருப்பான். அல்லது மூன்றாம் முறையும் அதே களத்தில் மோதியிருப்பான். ஹைதர் இரண்டையும் செய்யவில்லை. தாம் பதவியிலிருந்து தள்ளிய பழைய எஜமானர் நஞ்சராஜரின் வாசலில் போய் நின்று மன்னிப்புக் கேட்டார். அவர் பெயரைத் துணையாகப் பெற்றதும், கந்தேராவின் தளபதிகளுக்கு நஞ்சராஜரின் முத்திரையோடு கடிதங்கள் எழுதுவித்தார். ஏற்கெனவே பேசி முடித்த சதியைக் குறிப்பது போல எழுதப்பட்ட அக்கடிதங்கள், தளபதிகளுக்குப் போய்ச் சேராமல் கந்தேராவின் கையிலேயே சிக்கும்படி அனுப்பப்பட்டன. கந்தேராவ் தம் சேனை முழுவதும் தமக்கு எதிராகத் திரும்பிவிட்டதென்று நடுங்கிக் குதிரையேறி ஓடினார். தலைவனில்லாத சேனையை ஹைதர் முன்னும் பின்னும் தாக்கிச் சிதறடித்தார். அடுத்த ஆண்டு மைசூர் அவர் கைவசமாயிற்று. கந்தேராவைக் கிளியைப் போல் வைத்துக் காப்பதாக அரண்மனைப் பெண்டிருக்கு வாக்களித்து, அவ்வாக்கை எழுத்துப் பிசகாமல் காப்பாற்றினார். இரும்புக் கூண்டில் அடைத்துப் பாலும் சோறும் கொடுத்தார். இந்தக் குரூரத்தை நாம் ரசிக்கவில்லை.

சிலம்பக் கூடத்தில் பழகினவர்களுக்கு இந்த வித்தை புதிதன்று. கம்பைச் சுழற்றத் தெரிந்தவர்கள் ஊருக்குப் பத்துப் பேர் இருப்பர்; சுவடு கற்றவர்கள் ஒருவர் இருவரே. நல்ல ஆசான் முதலில் காலடியைத்தான் கற்பிப்பார். அடுத்த அடி எங்கே விழும் என்பதை எதிராளி கண்டுகொண்டானானால், கையில் எவ்வளவு நல்ல மூங்கில் இருந்தும் பயனில்லை. கற்ற பாடத்தை வரிசையாக ஆடிக்காட்டுகிறவன் திருவிழாவில் கைதட்டல் பெறுவான். சண்டையில் மண்டை உடைபடுவான். ஹைதருக்கு மண்டை உடைந்த அனுபவமும் உண்டு. 1764-இல் பேஷ்வா மாதவராவின் சேனையைச் சமவெளியில் நேருக்கு நேர் சந்தித்து ரத்திஹள்ளியில் பெருந்தோல்வி அடைந்தார். மராட்டியர் குதிரையின் வேகத்தால் தம்மைத் தோற்கடித்ததைக் கண்டு, அந்த வேகத்தையே தமதாக்கிக்கொண்டார். எதிரியிடம் பாடம் கேட்க அவர் வெட்கப்பட்டதே இல்லை.

இனி நம் பள்ளத்தாக்குக்கு வருவோம். 1767-இல் கும்பெனியாருடன் முதல் யுத்தம் மூண்டது. நிஜாமும் ஹைதரும் சேர்ந்து மலையிறங்கினர். எதிரே கர்னல் ஜோசப் ஸ்மித். நிதானமும் திறமையும் வாய்ந்த தளபதி. செப்டம்பர் மாதம் செங்கத்திலும் திருவண்ணாமலையிலும் நடந்த போர்களில் ஆங்கிலக் காலாட்படையின் வரிசையையும் பீரங்கியையும் எதிர்த்து நின்று கூட்டுச் சேனை தோற்றது. பின்னர் ஹைதர் திருப்பத்தூரையும் வாணியம்பாடியையும் பிடித்துக்கொண்டு நவம்பரில் ஆம்பூரை வளைத்தார். ஊர் விழுந்தது, மலைக்கோட்டை விழவில்லை. காப்டன் கால்வர்ட் என்பவர் ஏறத்தாழ ஐந்நூறு சிப்பாய்களை வைத்துக்கொண்டு அந்தப் பாறைமேல் நான்கு வாரம் தாங்கினார். அச்சிப்பாய்கள் நம் நாட்டார்தாம் என்பதையும் இங்கே குறிக்க வேண்டும். அவர்களுடைய பட்டாளம் பிற்காலத்தில் ஆம்பூர் என்ற பெயரையே கொடியில் பொறித்துக்கொண்டது. டிசம்பர் தொடக்கத்தில் ஸ்மித்தின் சேனை வேலூர்ப் பக்கமிருந்து இப்பள்ளத்தாக்கின் வழியே வர, ஹைதர் முற்றுகையை விட்டு மேற்கே வாணியம்பாடிக்குப் பின்வாங்கினார்.

காற்றைப் போல் அலையும் குதிரைப்படையை நான்கு வாரம் ஒரு பாறையடியில் கட்டிவைத்தது ஹைதர் செய்த பெரும் பிழை. எங்கே இருக்கிறார் என்பது எதிரிக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்த இடத்துக்கு எதிரி வந்து சேர்ந்தான். அந்தத் தவறு அவருக்கு உறைத்திருக்க வேண்டும் என்பதே நம் கருத்து. ஏனெனில் அதற்குப் பின் பதினாறு மாதங்களில் அவர் நடத்திய யுத்தம் வேறு ஜாதி.

நிஜாம் 1768 தொடக்கத்தில் கூட்டணியை விட்டு ஆங்கிலேயரோடு சேர்ந்தார். ஸ்மித் பாரமஹாலில் புகுந்து கோலார் வரை ஏறினார். பெங்களூரும் விழும் என்று சென்னைக் கவுன்ஸில் கனாக் கண்டது. யுத்தத்தைத் தளபதிக்குப் பதில் தானே நடத்துவதற்காகத் தன் பிரதிநிதிகளையும் பாசறைக்கு அனுப்பியது. அவர்கள் குத்தகைக் கணக்கிலும் சாமான் கணக்கிலும் மூழ்கிக் கிடந்தார்கள். ஹைதரோ முழுப் போருக்கு இடங்கொடாமல், பின்தங்கிய வண்டிகளையும் தனித்த காவற்படைகளையும் பொறுக்கிக்கொண்டே வந்தார். ஸ்மித் துரத்தினால் மறைவார். ஸ்மித் நின்றால் தோன்றுவார். 1768 முடிவில் கணவாய்கள் வழியே திடீரென்று தெற்கே இறங்கி ஈரோட்டையும் கருவூரையும் மீட்டார். ஆங்கிலேயர் ஓராண்டு பாடுபட்டுப் பிடித்த கோட்டைகள் சில வாரங்களில் கைமாறின.

1769 மார்ச்சு மாதம் ஸ்மித்தைத் தம் பின்னே இழுத்துக்கொண்டு விழுப்புரம் பக்கம் வரை வந்தார் ஹைதர். சென்னப்பட்டணம் அங்கிருந்து நூறு மைலுக்கு மேல். ஆங்கிலச் சேனையின் கண்ணெல்லாம் அவர் சேனைமேல் பதிந்திருந்த நேரத்தில், பீரங்கிகளையும் காலாட்படையையும் மூட்டை முடிச்சுகளையும் மலைக்கணவாய் வழியே ஊருக்குத் திருப்பி அனுப்பிவிட்டார். பார்ப்பவருக்கு ஹைதர் யுத்தத்தை முடித்துக்கொண்டு திரும்புவதாகவே தோன்றும். அவர் மட்டும் பொறுக்கியெடுத்த 6,000 குதிரை வீரரோடும் ஒரு சிறு காலாட்படையோடும் வடக்கே திரும்பி, 130 மைலை மூன்றரை நாளில் கடந்து, மார்ச்சு 29-ஆம் நாள் பரங்கிமலையில் வந்து நின்றார். ஒரு பீரங்கியும் அவரிடமில்லை. கோட்டையைப் பிடிக்க அவரால் முடியாது. அது அவருக்கும் தெரியும், கவுன்ஸிலுக்கும் தெரியும். ஆயினும் கோட்டைக்கு வெளியே கறுப்பர் பட்டணம் இருந்தது. துரைமார்களின் தோட்ட வீடுகள் இருந்தன. அவர்களுடைய சொத்தெல்லாம் இருந்தது. ஸ்மித் துரத்திக்கொண்டு வந்தால், ஹைதரின் வேண்டுகோளின்படி எட்டத்திலேயே நிற்கச் சொல்லித் தம் தளபதிக்கே உத்தரவு அனுப்பினார்கள் கவுன்ஸிலார். ஹைதர் பெயர் சொல்லிக் கேட்ட டூப்ரே என்ற கவுன்ஸிலர் பரங்கிமலைக்கு வந்து பேசினார். ஏப்ரல் தொடக்கத்தில் உடன்படிக்கை முடிந்தது. பிடித்த இடங்களை இரு திறத்தாரும் திருப்பிக் கொடுப்பது. ஒருவர்மேல் அந்நியர் படையெடுத்தால் மற்றவர் துணைக்கு வருவது. இவையே முக்கிய ஷரத்துகள்.

முரசுக் கதையின் அப்பாஸ் குலி கான் அப்போது சென்னையில் அடைக்கலம் புகுந்து கிடந்தார். ஹைதர் பரங்கிமலைக்கு வந்தார் என்று கேட்டதும் ஓர் ஓட்டைக் கப்பலில் ஏறிக் கடலுக்குள் போய்விட்டார். ஹைதர் மலையேறிவிட்டார் என்று உறுதியாகத் தெரியும்வரை கரையில் கால் வைக்கவில்லை.

இந்த மூன்றரை நாள் ஓட்டத்தை அதிர்ஷ்டமென்று சொல்வோர் உண்டு. அதிர்ஷ்டத்துக்கு இங்கே வேலையில்லை. 6,000 குதிரைகள் அவ்வளவு தூரம் ஓடுவதற்குப் பல ஆண்டுகளின் தீனியும் பழக்கமும் வேண்டும். வழியில் தண்ணீர் எங்கே, எந்த ஆறு எந்த மாதம் கடக்கும் ஆழத்தில் இருக்கும், எந்தக் கிராமத்தில் கொள்ளு கிடைக்கும் என்பதெல்லாம் முன்னரே தெரிந்திருக்க வேண்டும். ஹைதரின் ஒற்றர்கள் எதிரியின் பாசறைக்குள்ளேயே சம்பளம் வாங்கினார்கள். எதிரியின் ஒற்றர்களோ ஹைதரிடமும் சம்பளம் வாங்கினார்கள். பீரங்கி இழுக்க மைசூரின் அமிர்தமஹால் எருதுகளை வளர்த்தார். பின்னொரு சமயம் சிதம்பரத்தைக் காக்க அந்த எருதுகளைக் கொண்டு இரண்டரை நாளில் 100 மைல் சேனையை நகர்த்தினார் என்பர். எதிர்த்த ஆங்கிலத் தளபதிகளின் கடிதங்களைப் பார்த்தால் பக்கத்துக்குப் பக்கம் ஒரே புலம்பல்: மாடு இல்லை, அரிசி இல்லை, செய்தி இல்லை. எதிரி கண்ணுக்கு மின்னலாகத் தோன்றியது, உள்ளே கணக்குப்பிள்ளையின் வேலையாக இருந்தது.

நம் காலத்து இயக்கங்களில் ஈடுபட்டவர்கள் இதைச் சற்று ஆழ்ந்து நோக்க வேண்டும். இன்ன தேதியில், இன்ன இடத்தில், இன்ன கோஷத்தோடு கூடுவோம் என்று ஆண்டுதோறும் ஒரே சடங்கை நடத்துகிறோம்; அரசாங்கமும் அதே இடத்தில் அதே தடுப்புக் கட்டைகளைப் போட்டு அதே வண்டியில் ஏற்றி மாலையில் விட்டுவிடுகிறது. ஆம்பூர்ப் பாறையடியில் கட்டிய குதிரைகள் நாம். ஆயுதமில்லாத யுத்தத்துக்கும் இவ்விதி பொருந்தும் என்பதற்கு 1930-ஆம் ஆண்டே சாட்சி. காந்தியடிகள் நில வரியையோ வேறெதையோ எடுப்பார் என்று எண்ணியிருந்த சர்க்கார், அவர் உப்பை எடுத்ததும் முதலில் நகைத்தது. ஒரு பிடி உப்புக்கு எந்தச் சட்டத்தை எவ்வளவு கடுமையாகப் பிரயோகிப்பது என்று தெரியாமல் விழித்த சில வாரங்களில், தண்டியிலிருந்து வேதாரணியம் வரை கடற்கரை முழுவதும் களமாகிவிட்டது. ராஜாஜி திருச்சியிலிருந்து நடந்து வேதாரணியம் சேர்வதற்குள் அந்த வழியின் ஊர்களெல்லாம் விழித்துக்கொண்டன. காந்தியடிகளையும் ஹைதரையும் ஒரே தட்டில் வைப்பதாக யாரும் நம்மைத் தவறாகக் கொள்ள வேண்டாம். எதிரி ஆயத்தம் செய்து வைத்திருக்கும் களத்தில் இறங்க மறுத்த ஒரு குணத்தில் மட்டும் இருவரையும் சேர்த்துச் சொல்கிறோம்.

சென்னை உடன்படிக்கையின் மை உலர்வதற்குள் அதற்குச் சோதனை வந்தது. மராட்டியர் படையெடுத்தனர், 1771-இல் சின்னகுரளி என்னுமிடத்தில் ஹைதரின் சேனை நொறுங்கியது. ஷரத்தின்படி துணை வர வேண்டிய கும்பெனியார் வரவில்லை. ஹைதர் அதை மறக்கவில்லை. 1779-இல் அவர் ஆட்சி எல்லைக்குட்பட்ட மாஹியை ஆங்கிலேயர் பிரெஞ்சுக்காரரிடமிருந்து பறித்தனர். தஞ்சையிலிருந்து ஸ்வார்ட்ஸ் பாதிரியாரைச் சமாதானத் தூதராக அனுப்பிப் பார்த்தனர். பாதிரியாரை ஹைதர் மரியாதையோடு நடத்தினார், அனுப்பினவர்களை நம்பவில்லை.

1780 ஜூலையில் ஏறத்தாழ 80,000 பேர் கொண்ட சேனை செங்கம் கணவாய் வழியே ஆற்காட்டுச் சீமையில் இறங்கியது. கர்நாடகத்தின்மேல் அந்தச் சேனை இறங்கிய விதத்தை எட்மண்ட் பர்க் 1785-இல் பார்லிமெண்டில் வர்ணித்த பேச்சை, ஆங்கிலம் படித்த நம்மவர் ஒரு காலத்தில் நெட்டுருப் போட்டார்கள். பர்க்கின் சொல்லழகில் ஒரு விஷயம் மறைந்துபோகிறது. எரிந்தவை யாருடைய வீடுகள்? புலிக்காட்டிலிருந்து புதுச்சேரி வரை கடலோரத்தில் முப்பது முப்பத்தைந்து மைல் அகலத்துக்குக் கிராமங்களைக் கொளுத்தினார் ஹைதர். வேலூரைச் சுற்றியும் இதே கதிதான். ஆங்கிலச் சேனைக்கு ஒரு படி அரிசியும் ஒரு கட்டு வைக்கோலும் கிடைக்கக் கூடாது என்பது நோக்கம். யுத்தக் கண்கொண்டு பார்த்தால் நோக்கம் நிறைவேறியது. ஆனால் அந்த அரிசியை விளைவித்தவன் கும்பெனியானல்லன். இந்தப் பாலாற்றங்கரைக் குடியானவன். அவன் ஹைதருக்கு என்ன தீங்கு செய்தான்? பின்னர் வந்த பஞ்சத்தில் சனங்கள் சென்னைக்கு ஓடிச் சாலையோரங்களில் விழுந்தார்கள். 1782-இல் சென்னையில் மணியக்காரர் சத்திரம் ஏற்பட்டது அவர்களுக்குக் கஞ்சி வார்ப்பதற்காகவே. ஹைதர் கலாபம் என்ற சொல் தமிழில் நிலைத்தது இவ்வாறுதான். எதிரியைத் திகைக்க வைக்கும் தந்திரம் தன் நாட்டுக் குடியையும் திகைக்க வைத்ததென்றால், அந்தத் தந்திரத்தின் விலையைத் தந்திரசாலி கொடுக்கவில்லை, குடியே கொடுத்தது. ஹைதரை வியப்பவர்கள் இந்தக் கணக்கையும் எழுதிக்கொள்ள வேண்டும்.

அதே ஆண்டு செப்டம்பர் 10-ஆம் நாள் புள்ளலூர்ப் போர் நடந்தது. பக்ஸாரில் வெற்றி கண்ட ஹெக்டர் மன்றோ காஞ்சிபுரத்தில் பெருஞ்சேனையோடு இருந்தார். குண்டூர்ப் பக்கமிருந்து அவரோடு சேர வந்த கர்னல் பெய்லி, கொற்றலையாற்று வெள்ளத்தால் பல நாள் அக்கரையிலேயே நின்றுவிட்டார். இரண்டு சேனைக்கும் நடுவே சில காத தூரமே மிச்சம். மன்றோவின் எதிரே பாசறை போட்டுக்கொண்டு அவரைக் கண் கொட்டாமல் பார்த்திருந்த ஹைதர், திப்புவை முன்னே ஏவிவிட்டு, இரவில் ஓசைப்படாமல் விலகிப் பெய்லியின்மேல் விழுந்தார். வெடிமருந்து வண்டிகள் தீப்பற்றி வெடித்தன. 3,700-க்கு மேற்பட்ட அந்தப் படையில் தப்பினவர் இல்லையென்றே சொல்லலாம். செத்தவர் போக எஞ்சினவர் சீரங்கப்பட்டணத்துச் சிறைக்குப் போயினர். மன்றோ தம் பெரிய பீரங்கிகளைக் காஞ்சிபுரத்துக் கோயிற் குளத்தில் தள்ளிவிட்டுச் சென்னைக்கு விரைந்தார். இந்தியாவில் ஆங்கிலேயர் அதுவரை அத்தகைய தோல்வியைக் கண்டதில்லை. நவம்பரில் ஆற்காடு விழுந்தது; 1781 தொடக்கத்தில், முன்பு நான்கு வாரம் மறுத்த ஆம்பூரும் விழுந்தது.

அப்பால் வங்காளத்திலிருந்து கிழச் சிங்கமான ஸர் அயர் கூட் வந்தார். 1781 ஜூலை முதல் தேதி பரங்கிப்பேட்டையில் ஹைதர் மறுபடியும் பழைய பிழையைச் செய்தார். சாலையை மறித்து மேடையும் அரணும் கட்டிப் பீரங்கிகளை வரிசையாக வைத்து, வா என்று காத்திருந்தார். கூட் அந்த வழியே வரவில்லை. கடலோர மணற்குன்றுகளின் மறைவில் வேறு வழி கண்டுபிடித்துப் பக்கவாட்டில் வந்தார். அன்று எதிர்பாராத வழியே வந்தவர் ஆங்கிலேயர். ஹைதர் ஒரு மேட்டில் சம்மணமிட்டு உட்கார்ந்துகொண்டு தோல்வியை ஒப்ப மறுத்தாராம். அருகில் பெரிய மனிதர் எவருக்கும் பேசத் துணிவில்லை. பழைய குதிரைக்காரன் ஒருவன் அவர் காலைப் பிடித்து இழுத்துச் செருப்பை மாட்டி, நாளைக்கு அவர்களை அடிக்கலாம், இப்போது குதிரையேறுங்கள் என்ற பொருளில் ஏதோ சொல்லி ஏற்றிவிட்டான். இதுவும் வில்க்ஸ் கூறும் கதையே. ராஜாவின் காலைப் பிடித்து இழுக்கத் துணிந்த குதிரைக்காரனையும், அதைப் பொறுத்துக்கொண்ட ராஜாவையும் நாம் ஒருங்கே மெச்சுகிறோம்.

ஆகஸ்டில் மறுபடி புள்ளலூர், செப்டம்பர் 27-இல் சோளிங்கபுரம். நேர்ப்போரில் கூட் வென்றார். ஆனால் வென்ற பின் ஓரடி துரத்த அவரிடம் மாடில்லை, அரிசியில்லை. வேலூர்க் கோட்டையை ஹைதரின் சேனை இறுக வளைத்துக்கொண்டிருந்தது. 1782 ஜனவரியில் கூட் வழிநெடுகக் குண்டுகளைத் தாங்கிக்கொண்டு வந்து சில மாத உணவை உள்ளே சேர்த்துவிட்டுத் திரும்பினார். வேலூர் கடைசிவரை விழவில்லை. நிலத்தில் எத்தனை சேனைகளை அழித்தாலும், கடல் வழியே இன்னொன்று வந்து இறங்கும் என்பதை ஹைதர் அக்காலத்தில் நன்கு உணர்ந்துவிட்டார். பிரெஞ்சுக் கடற்படையையே எதிர்நோக்கியிருந்தார். ஸப்ரேன் வந்தார், கடலூர் கிடைத்தது, எதிர்பார்த்த அளவு துணை கிடைக்கவில்லை. வங்கத்துக்கும் பம்பாய்க்கும் சென்னைக்கும் ஒரே நேரத்தில் தீ வைக்க மராட்டியரும் நிஜாமும் தாமும் சேர்ந்து போட்ட ஏற்பாடு, கூட்டாளிகள் ஒவ்வொருவராக நழுவியதால் சிதைந்தது. தந்திரத்தால் கூட்டாளியைச் சேர்க்கலாம். அதே தந்திரத்துக்குப் பெயர்பெற்றவனைக் கூட்டாளிகள் நெடுநாள் நம்புவதில்லை.

1782 கார்காலத்தில் முதுகில் ராஜபிளவை கண்டது. டிசம்பர் 7-ஆம் நாள் சித்தூருக்கு அருகே நரசிங்கராயன்பேட்டைப் பாசறையில் ஹைதர் இறந்தார். மூத்த மகன் திப்பு அப்போது பல நாட் பயணத்துக்கு அப்பால் மலையாளக் கரையில் யுத்தத்தில் இருந்தார். செய்தி வெளியானால் சேனை கலையும், எதிரி பாய்வான். மந்திரிகளான பூர்ணையாவும் கிருஷ்ணராவும் உடலை வாசனைத் திரவியங்களோடு ஒரு பெட்டியில் வைத்து, பொக்கிஷம் அனுப்புவது போலக் காவலோடு கோலாருக்கு அனுப்பினார்கள். பாசறையில் நித்திய உத்தரவுகள் நவாபின் பெயராலேயே பிறந்தன. சிப்பாய்களுக்குச் சம்பளம் தவறவில்லை. வைத்தியர்கள் கூடாரத்துக்குள் போவதும் வருவதுமாக இருந்தனர். இடையே முளைத்த ஒரு சதியும் ஓசையின்றி நசுக்கப்பட்டது. செத்தவருடைய சேனை, அவர் உயிரோடிருப்பதாக எண்ணிக்கொண்டு மூன்று வாரத்துக்கு மேல் ஒழுங்கு குலையாமல் நின்றது.

சென்னைக் கவர்னர் மக்கார்ட்னி பிரபுவுக்கு எப்படியோ துப்புக் கிடைத்தது. உடனே புறப்பட்டுத் தாக்கும்படி அப்போது படைத்தலைமையில் இருந்த ஜெனரல் ஸ்டூவர்ட்டை வற்புறுத்தினார். ஸ்டூவர்ட்டின் மனம் இசையவில்லை. ஹைதர் இறந்தார் என்பதையே அவர் நம்பவில்லை. இறந்திருந்தாலும் சேனை புறப்படத் தக்க காலத்தில் புறப்படும் என்று இருந்துவிட்டார். கவர்னரும் தளபதியும் கடிதப் போர் நடத்திக்கொண்டிருந்த நாட்களில் திப்பு மலையாளத்திலிருந்து விரைந்து வந்து, ஆரவாரமில்லாமல் பாசறைக்குள் நுழைந்து, சேனையைத் தம் கையில் எடுத்துக்கொண்டார்.